பதினேழாவது படம்

அறிக்கை வெள்ளிக்கிழமை வந்தது. மூன்று முறை படித்தேன். முதல் இரண்டு முறையும் நான்தான் தவறாகப் படிக்கிறேன் என்று நினைத்தேன்.

பதினான்கு வருட வலிப்பு என் மூளையில் எதையெல்லாம் தின்றிருக்கிறது என்று பார்க்க, டாக்டர் விட்லோ அறுபது படங்களைக் காட்டிப் பெயர் கேட்டிருந்தார். இருபத்திரண்டு தவறு. அதில் இருபத்தொன்று உண்மையிலேயே தவறுதான். புனலைப் பார்த்து "ஊத்துறது" என்றேன். ஆனால் கடைசிப் பத்தி இது:

"பதினேழாவது படத்துக்கு இல்லாத சொல் ஒன்றைத் தானே உருவாக்கினார். மொழிப் பகுதி பழுதடைந்ததற்கு இதுவே தெளிவான அடையாளம். ஆகவே மாலைநேர விதைப் பரிசோதனை வகுப்பில் இவர் தொடர்ந்து படிக்க இயலாது."

பதினேழாவது படம், தலையை மூடும் தொப்பியும் முன்பக்கப் பையும் வைத்துத் தைத்த ஸ்வெட்டர். நான் சொன்னது "முயலணைப்பு". கனடாவில் எங்கள் சஸ்காச்சுவான் மாகாணத்தில் அதற்கு வேறு பெயரே கிடையாது. விட்லோ டொராண்டோவிலிருந்து வந்து ஐந்து மாதம்தான் ஆகிறது.

திங்களன்று அண்ணன் போதானை இழுத்துக்கொண்டு மருத்துவமனைக்குப் போனேன். அவன் ஒரு முயலணைப்பைத்தான் போட்டிருந்தான்.

"நீ வாயத் திறக்காத," என்றேன்.

"நான் எதுக்குடி? என் சட்டையே பேசும்."

விட்லோவை வரவேற்பு மேசைக்கே வரவைத்தேன். அங்கிருந்த வரவேற்பாளர் டார்லாவிடம் கேட்டேன்: "இவன் போட்டிருக்கிறது என்ன?"

"முயலணைப்பு. ஏன், நாறுதா?"

விட்லோவின் காது சிவந்தது. "எங்க ஊர்ல அப்படிச் சொல்றதில்லைங்க. சரி, ஒரு மார்க் கூட்டிடறேன்."

"ஒரு மார்க்கா? இந்த ஒரு சொல்லை வச்சுத்தானே என் வகுப்பையே நிறுத்தினீங்க? 'ஆகவே'ன்னு எழுதியிருக்கீங்க, பாருங்க!" வீட்டிலேயே அந்த வாக்கியத்துக்கு அடியில் பென்சிலால் கோடு போட்டு வைத்திருந்தேன். அப்போதும், ஒருவேளை நான்தான் புரிந்துகொள்ளவில்லையோ என்று அதை இன்னொரு முறை பார்த்துக்கொண்டேன்.

"மத்த இருபத்தொண்ணும் தப்புத்தானேம்மா..."

"தப்புத்தான். எழுதுங்க, நான் ஒளிக்கல. வலிப்பு எடுத்துட்டுப் போனது போகட்டும். அது விட்டுவச்சதை நீங்க பிடுங்காதீங்க!"

காத்திருந்தவர்கள் எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். விட்லோ உட்கார்ந்து தட்டச்சு செய்து, அச்செடுத்து என்னிடம் நீட்டினார். "கூடுதல் நேரம் கொடுத்தால் வகுப்பைத் தொடரலாம்." இரண்டு முறை படித்துவிட்டு, தாளின் அடியில் விரலால் குத்தினேன்.

"இங்க உங்க... உங்க... அதைப் போடுங்க!"

சொல் வரவில்லை. போதான் வாயைத் திறந்தான், முறைத்தேன், மூடிக்கொண்டான்.

"கையெழுத்தா?" என்றார் விட்லோ மெதுவாக.

"அதேதான். அதையும் தப்புல சேத்துக்கோங்க. முதல்ல போடுங்க."

போட்டார்.