காப்பு அறுத்தவள்

வட்டவளைக்கு மேலே இருக்கிற அந்தத் தேயிலைத் தோட்டத்தில் ஒருவன் குடித்துவிட்டுத் தூங்காமல் பாடினால் நாலு பேர் ஏசுவார்கள். குடிக்காமல், தூங்காமல் பாடினால் விழுந்து கும்பிடுவார்கள். கிருஷாந்தியின் புருஷன் துஷாந்த் அந்த மாசியில் சொட்டுக்கூடக் குடிக்காமல் இராப்பகலாகப் பாடினான். அவன்மேல் காமன் இறங்கிவிட்டான் என்று லயத்து வரிசை வீடுகளிலெல்லாம் பூரித்துப்போனார்கள். கிருஷாந்தி மட்டும் அவன் தூங்காத இரவுகளை எண்ணிக்கொண்டிருந்தாள்.

அவளுக்கு இது புதிதில்லை. கல்யாணமான புதிதில் ஒருமுறை ஹட்டன் பஸ் ஸ்டாண்டில் நின்றுகொண்டு, வருகிற பஸ்ஸையெல்லாம் மறித்து டிரைவர்களுக்கு வழி சொன்னான். அப்போதுதான் ஆஸ்பத்திரியில் நோய்க்குப் பெயர் சொன்னார்கள். இருதுருவ நோய். மனசு ஒரேயடியாக ஏறும், அப்புறம் ஒரேயடியாக இறங்கும். மாத்திரையை ஒழுங்காகப் போட்டால் மட்டாக நிற்கும். அவனும் போட்டான், மட்டாகத்தான் இருந்தான். சின்னராசா மாஸ்டர் வந்து காப்புக் கட்டும்வரை.

காமன் கூத்தில் மன்மதன் வேஷம் போடுகிறவனுக்கு முதலில் கையில் மஞ்சள் கயிறு கட்டுவார்கள். அதுதான் காப்பு. கட்டிவிட்டால் மன்மதனை எரிக்கிற நாள்வரை தோட்டத்து எல்லையைத் தாண்டக்கூடாது, கவிச்சி கூடாது. இதெல்லாம் பழைய விதி. கூத்துப் பழக்கும் சின்னராசா தன் பங்குக்கு ஒன்றைச் சேர்த்துவிட்டார்.

"இங்கிலீசு மாத்திரையும் ஆகாதுப்பா. தீட்டு."

அவர் காலையும் மாலையும் விழுங்குகிற பிரஷர் மாத்திரையில் மட்டும் அந்தத் தீட்டு ஒட்டவில்லை.

துஷாந்த் மாத்திரையை நிறுத்தினான். முதலில் தூக்கம் போனது. பிறகு பேச்சு ஓடத் தொடங்கியது, ஒரு பேச்சு முடியுமுன் அடுத்தது. பிறகு சிரிப்பு. சிரிக்கத் தொடங்கினால் நிறுத்தத் தெரியாது. கண்ணில் நீர் வழிந்து இடுப்பு வலித்தாலும் சிரித்துக்கொண்டே இருப்பான். "ஆகா, மன்மதச் சிரிப்பு" என்று கூத்து நடக்கிற காமன் பொட்டலில் விசிலடித்தார்கள்.

வீட்டுச் சாமான்களை அள்ளிக் கொடுத்தான். கிரைண்டர் சின்னராசா வீட்டுக்குப் போனது. அவளுடைய கூறைச் சேலை, ரதி வேஷம் போடுகிற செல்லசாமிக்குப் போனது. மீசையை மழித்த அந்த நாற்பது வயதுக்காரன் அதைக் கட்டிக்கொண்டு இடுப்பை ஆட்டியபோது ஊரே கைதட்டியது. திருப்பிக் கேட்கப் போன கிருஷாந்தியிடம், "சாமி குடுத்தத கேக்கலாமா புள்ள?" என்றாள் சின்னராசாவின் பெண்சாதி. உள்ளே கிரைண்டரில் மாவு அரைபட்டுக்கொண்டிருந்தது. வாங்கிய கைக்கெல்லாம் அன்று பக்தி முற்றிப்போயிருந்தது!

கிருஷாந்தி அவனோடு வாதாடவில்லை. வாதாடினால் ஏறும் என்று கிளினிக் நர்ஸ் சொல்லியிருந்தாள். வீட்டில் டிவியை அணைத்தாள், மெதுவாகப் பேசினாள், நடந்துகொண்டே இருந்தவன் வாயில் சோற்றை உருட்டி வைத்தாள். மாத்திரையைச் சோற்றில் ஒளித்துக் கொடுக்கலாமா என்றும் நினைத்தாள். தெரிந்துவிட்டால் அப்புறம் அவள் கையால் தண்ணீர்கூட வாங்கமாட்டான் என்று அந்த எண்ணத்தை விட்டாள்.

எரிப்புக்கு முதல் நாள் அவன் அந்தக் காரியத்தைச் சொன்னான்.

"மன்மதன் கட்டுனவங்க எல்லாரும் நெருப்ப சுத்தி வந்து மண்ணுல விழுவாங்க கிருஷா. நான் உள்ளுக்கே போகப்போறேன். மன்மதனுக்கு நெருப்பு பூ மாதிரி!"

அவள் போட்டது போட்டபடி சின்னராசாவிடம் ஓடினாள்.

"மாஸ்டர், அவரு வேசத்துக்குப் பேசல. நெசமா உள்ள எறங்கிருவாரு. நாளைக்கு வேற ஆள நிப்பாட்டுங்க. நான் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போறேன்."

"காப்போட எல்லை தாண்டுறதா? காப்ப நடுவுல அறுத்தா தோசம் அறுத்தவங்க தலையில. அறுந்த கையோட பொட்டல் பக்கமே வரக்கூடாது. வெளையாட்டா?" என்றவர், குரலைத் தணித்து, "இந்த மாதிரி மன்மதன் பக்கத்துத் தோட்டத்துலயும் இல்ல புள்ள. கெடுத்துறாத" என்றார்.

அதுதான் விஷயம். பக்கத்துத் தோட்டத்தைவிட நல்ல கூத்து! அதற்கு ஒரு மனிதன் வெந்தாலும் பரவாயில்லை. ஆனால் அந்த மனுஷர் வாயாலேயே அவளுக்கு ஒரு வழியும் கிடைத்துவிட்டது. அறுந்த கையோடு பொட்டல் பக்கம் வரக்கூடாது.

மறுநாள் பின்னேரம் பொட்டலில் வைக்கோலும் விறகும் குவித்துத் தீ மூட்டியிருந்தார்கள். தப்பு மேளம் முழங்கியது. துஷாந்த் முகத்தில் ரோஸ் நிறம் பூசி, கிரீடம் வைத்து, நின்ற இடத்தில் நிற்காமல் ஆடிக்கொண்டிருந்தான். கிருஷாந்தி இடுப்பில் தேயிலைச் செடி வெட்டுகிற கவ்வாத்துக் கத்தியைச் செருகிக்கொண்டு கூட்டத்தை விலக்கிப் போனாள். அவன் காதருகே போனைப் பிடித்தாள்.

போனில் அவன் குரலே கேட்டது. போன தடவை ஆஸ்பத்திரியிலிருந்து நல்லபடியாக வீடு வந்தபின் அவனே பேசிப் பதிந்து வைத்தது.

"துஷாந்த், நான்தான்டா பேசுறேன். நீ இத கேக்குறேன்னா ஒனக்கு மறுபடி ஏறியிருக்கு. நீ கெட்டிக்காரன்னு நெனச்சிக்கிட்டு இருப்ப. கிருஷா சொல்றத கேளு. அவ ஏமாத்தமாட்டா."

"யாருடா இந்த நோஞ்சான்?" என்று அவன் விழுந்து விழுந்து சிரித்தான். "இன்னொருக்கா போடு!"

அவள் போட்டாள். தன் குரலைக் கேட்க அந்த நேரத்தில் அவனுக்கு அத்தனை ஆசை. போனைப் பறித்துக் காதில் அழுத்தினான். மணிக்கட்டு அவள் கண்ணுக்கு நேரே வந்தது. கத்தியால் ஒரே இழுப்பு. மஞ்சள் கயிறு மண்ணில் விழுந்தது.

தப்பு நின்றது. இத்தனை நாள் அவன் காலைத் தொட்டவர்கள் பத்தடி பின்னால் போனார்கள். "தோசம்! தோசம்!" என்று கத்திக்கொண்டு சின்னராசாவே ஓடிவந்து நெருப்புக்குப் போகும் வழியை மறித்து நின்றார். சாமியாக இருந்தவனை வெறும் ஆளாக்க அவர்களுக்கு ஒரு நிமிஷம்கூடத் தேவைப்படவில்லை. செல்லசாமி அவசர அவசரமாகத் துஷாந்தின் கிரீடத்தைக் கழற்றினான். கூறைச் சேலையை மட்டும் கழற்றவில்லை.

துஷாந்த் அவளைக் கெட்ட வார்த்தையால் ஏசினான். தள்ளினான். விழுந்தவள் எழுந்து மறுபடி அவன் கையைப் பிடித்துக்கொண்டாள். அவளுக்கு உதவ ஒருவரும் கிட்டே வரவில்லை, தோஷம் ஒட்டிக்கொள்ளுமாம். ரோட்டில் வேனோடு காத்திருந்த மளிகைக் கடை ஸுஹைர் நானாதான் இறங்கி வந்தார். காலையிலேயே அவள் அவரிடம் சொல்லி வைத்திருந்தாள்.

"வாங்க தம்பி, ஹட்டன்ல ஒங்கட பாட்டு கேக்க ஆக்கள் இருக்கு" என்றார்.

"பொய் வேணாம் நானா," என்ற கிருஷாந்தி துஷாந்த் பக்கம் திரும்பினாள். "ஆஸ்பத்திரிக்குப் போறோங்க. போன்ல நீங்க சொன்னபடிதான் செய்றேன். நான் கூடவே இருப்பேன்."

அவன் அவளைப் பார்த்தான். போனைப் பார்த்தான். ஏசிக்கொண்டேதான் வேனில் ஏறினான்.

வார்டிலிருந்து திரும்பி வந்தவன் அதிகம் பேசவில்லை. வெயிலில் உட்கார்ந்து கையைப் பார்த்துக்கொண்டிருப்பான். கொழுந்து குறைந்ததற்கும், யாரோ வீட்டு மாடு செத்ததற்கும் கிருஷாந்தி அறுத்த காப்புதான் காரணம் என்று தோட்டம் முடிவு கட்டியிருந்தது. தன் கத்திக்கு இத்தனை சக்தியா என்று அவளே ஆச்சரியப்பட்டாள். ஏச்சு அவளைச் சுடவில்லை. அவன் இனிச் சிரிப்பானா என்பதுதான் சுட்டது.

ஒருநாள் சின்னராசா வந்து வாசலில் நின்று செருமினார்.

"நடந்தது நடந்திருச்சு. வார வருசத்துக்கும் தம்பிதான் மன்மதன்..."

"வாங்க மாஸ்டர். ஒங்க பிரஷர் மாத்திரைய எங்கிட்ட குடுத்துட்டு, நீங்களே மன்மதன் வேசம் கட்டுங்க," என்றாள் கிருஷாந்தி. "அதுக்கு முன்னால என் கிரைண்டர கொண்டாங்க."

பின்னால் ஒரு சத்தம் கேட்டுத் திரும்பினாள். துஷாந்த் சிரித்தான். சிரித்துவிட்டு, தானே நிறுத்திக்கொண்டான்.