இருபத்தேழுக்குப் பிறகு

சக்கர நாற்காலியின் பிரேக்கை இரண்டு முறை அழுத்திப் பார்த்துவிட்டு, கட்டிலில் உட்கார்ந்திருந்த கணவனின் இடுப்பில் பட்டையை இறுக்கினாள் அவள். பிடித்துத் தூக்குவதற்காகப் பழைய பையின் வார்களைச் சேர்த்து அவளே தைத்த பட்டை. எதிரே அவனுடைய அண்ணன் கால்மேல் கால் போட்டு உட்கார்ந்திருந்தார். வாசலில் அவருடைய கார் நின்றது. அவள் அவனை நாற்காலிக்குத் தூக்க முடியாமல் போனால், பக்கவாதத்தில் ஒரு பக்கம் விழுந்துபோன தம்பியை அந்தக் காரிலேயே முதியோர் விடுதிக்குக் கொண்டுபோவதாக ஏற்பாடு.

"தண்ணி பாட்டில தூக்கி யாரும்மா பயில்வான் ஆயிருக்கா?" என்று சிரித்தார்.

அவள் கணவனின் காலைக் கட்டில் ஓரத்துக்கு இழுத்து வைத்தாள். மூன்று மாதத்துக்கு முன்னால் ஆத்திரத்தில் இருபது லிட்டர் கேனைத் தூக்கி, மூன்று நாள் முதுகு பிடித்துக் கிடந்தவள்தான். கணவனுக்குப் பிசியோதெரபி கொடுக்க வரும் பெண்தான் திட்டினாள். "வெயிட் கம்மியா இருந்தா பரவால்லக்கா. ஆனா இதுக்கு மேல ஒண்ணுகூட முடியாதுன்னு கை அழணும். சதை அங்கதான் பிடிக்கும்." அன்றிலிருந்து பையில் நான்கு பாட்டில். அடுப்படியில், கணவன் எழும் முன், முணுமுணுத்து எண்ணியபடி உட்கார்ந்து எழுந்து தூக்குவாள். இருபத்தேழில் தொடையும் கையும் நெருப்பாய் எரியும். பையை வீசிவிடலாம் என்று தோன்றும். பல்லைக் கடித்து முப்பதைத் தொடுவாள்.

கணவனின் கையைத் தோளில் போட்டு, முட்டி மடக்கி எழுந்தாள். அவன் நாற்காலியில் வந்து உட்கார்ந்தான்.

அண்ணனின் சிரிப்பு நின்றது. "ஒரு தடவ யார் வேணும்னாலும் தூக்கிடலாம். ஒரு நாளைக்கு எத்தன தடவ?"

"மூணு தடவ போக, மூணு தடவ வர. ஆறு, மாமா."

"அப்ப ஆறையும் காட்டு."

கட்டிலுக்கு. திரும்ப நாற்காலிக்கு. நான்காவதில் கண் இருட்டிக்கொண்டு வந்தது. ஐந்தாவதில் பட்டை வியர்வையில் வழுக்கியது. அவள் அதைக் கையில் ஒரு சுற்றுச் சுற்றிக்கொண்டாள். ஆறாவதுக்குக் குனிந்தபோது முழங்கைக்குக் கீழே கையே தன்னுடையதாக இல்லை.

"போதும்மா. கீழ போட்டுடப் போற. அவன் விழுந்தா யார் பதில் சொல்றது?"

தூக்கினாள். பாதிதான் எழுந்தாள். தொடை வெடவெடவென்று ஆடியது. அப்போது அவள் காதருகே, வாய் கோணிப்போன பிறகு வாரத்துக்கு நான்கு வார்த்தை பேசினாலே அதிகமென்று இருந்தவன், குழறிச் சொன்னான்.

"இருபத்... தெட்டு."

அவளுக்குத் தூக்கிவாரிப்போட்டது. தூங்குகிறான் என்றல்லவா நினைத்திருந்தாள், இத்தனை விடியலும்!

"கேட்டுட்டா இருந்தீங்க?"

"பேசாத. தூக்கு. இருபத்... தொம்பது."

அண்ணன் எழுந்துவிட்டார். இரண்டு கைகளும் முன்னால் நீண்டு, தொடாமல் நின்றன. நாற்காலிக்கும் கட்டிலுக்கும் நடுவே, கணவனின் செத்த காலின் பெருவிரலில் ஒரு செருப்பு மட்டும் தொங்கி, தரையைத் தொடாமல் ஆடிக்கொண்டிருந்தது.