பாட்டுக்கும் பாட்டுக்கும் நடுவில்

ரெஜிலா பட்டுச்சேலையைச் சற்றுத் தூக்கிப் பிடித்தபடி, தரையில் கிடந்த வயர்களை மிதிக்காமல் தாண்டிப் போய் டிஜே வினோஜின் மேஜை முன்னால் நின்றாள். மண்டபத்தின் கீழ்த்தளத்தில் பந்தி நடந்துகொண்டிருந்தது. மேலே மேடையில் தம்பி ஜிபினும் புதுப்பெண் அஞ்சுவும் கன்னம் வலிக்கச் சிரித்துக்கொண்டு, வருகிறவர்களோடு போட்டோவுக்கு நின்றார்கள்.

"தம்பி, ஒரு காரியம். பாட்டு எம்புடு வேணும்னாலும் போடு. நடுவுல மட்டும் பேசாத."

உப்பில்லாமல் சமைக்கச் சொன்னால் சமையல்காரர் எப்படிப் பார்ப்பாரோ, வினோஜ் அப்படிப் பார்த்தான்.

"பேசாம எப்பிடிக்கா? பாட்டு எல்லாருக்க போனுலயும் கெடக்கு. என்னைய விளிக்கது பேசதுக்காக்கும். பேசல்லன்னா ஆளு ஆடாது, கையக் கெட்டிட்டு நிக்கும்."

"நிக்கவிய நிக்கட்டும். ஆடுகவிய ஆடட்டும்."

"பொண்ணு மாப்பிளையக்கூட விளிக்கண்டாமா?"

"அவியள விளி. அதுக்குப் பொறவு வாயத் தொறக்காத. உன்ன புக் பண்ணினது நானாக்கும், கேட்டியா?"

அவன் தலையை ஆட்டினான். மனசில்லாத ஆட்டல்தான். ஆனாலும் ஆட்டினான்.

ரெஜிலாவுக்குக் காரணம் இருந்தது. போன மாதம் பெரியம்மா வீட்டுக் கல்யாணத்தில் ஒரு டிஜே வந்திருந்தான். ஒவ்வொரு பாட்டு முடிந்ததும் மைக்கைப் பிடித்து ஒருவரைத் தேர்ந்தெடுத்து வறுத்தெடுத்தான். தொப்பைக்காரச் சித்தப்பாவை ஆட வைத்தான், மூட்டுவலிக்கார அத்தையை ஓட வைத்தான். அப்புறம், "இன்னும் கல்யாணம் ஆகாத கன்னிப்பெண்கள் எல்லாம் நடுவுல வாங்க" என்றான். காலேஜ் பிள்ளைகள் ஏழெட்டு பேர் ஓடினார்கள். யாரோ ஒரு புண்ணியவதி முப்பத்தாறு வயது ரெஜிலாவையும் முதுகில் கைவைத்துத் தள்ளிவிட்டாள். அந்தப் பிள்ளைகளுக்கு நடுவில் கையை எங்கே வைப்பதென்று தெரியாமல் நின்றதை நினைத்தால் இப்போதும் அவளுக்குக் காது சுடுகிறது.

ஆடத் தெரியாதவள் அல்ல அவள். மஸ்கட்டில், அவள் வேலை செய்த ஆஸ்பத்திரியின் நர்சுகள் தங்கியிருந்த கட்டிடத்தின் மொட்டைமாடியில், வெள்ளிக்கிழமை சாயங்காலங்களில் ஆட்டம் உண்டு. ஒரு பெட்டியில் பாட்டு ஓடும். ஒன்று முடிந்து அடுத்தது தொடங்கும் முன் கொஞ்சம் அமைதி. அந்த அமைதியில்தான் மூச்சு வாங்குவார்கள், தண்ணீர் குடிப்பார்கள், "உனக்கு அந்த லீவு கிடைச்சுதா" என்று கேட்பார்கள், ஒருவர் இன்னொருவரின் கையைப் பிடித்து அடுத்த பாட்டுக்கு இழுப்பார்கள். அங்கே இரண்டு காதல்களும் ஒரு பெரிய சண்டையும் அந்த இடைவெளிகளில்தான் பிறந்தன. பாட்டு நடக்கும்போது யாருக்கு யார் பேசுவது கேட்கிறது?

இன்றைக்கு அவளுக்கு அந்த இடைவெளி தேவைப்பட்டது. சத்தியராஜுக்காக.

சத்தியராஜ், அஞ்சுவின் பெரியப்பா மகன். மயிலாடியில் அம்மி, ஆட்டுக்கல் விற்கும் கல் கடை வைத்திருக்கிறான். நாற்பது வயது, மனைவி இறந்து சில வருடங்களாகின்றன, பிள்ளை இல்லை. பெண்வீட்டார் தங்கள் ஊரான கொட்டாரத்திலிருந்து வர வண்டி பிடிப்பது பற்றிப் பேச முதலில் போன் செய்தான். பிறகு வண்டியில் எத்தனை பேர் என்று சொல்ல. பிறகு, சொன்ன எண்ணிக்கை மாறிவிட்டது என்று சொல்ல. கடைசியில் வண்டியைப் பற்றி ஒரு வார்த்தைகூட இல்லாமலே போன்கள் வந்தன. நேற்று, "கல்யாணத்தன்னைக்கு உங்ககிட்ட ஒரு காரியம் கேக்கணும், போனுல வேண்டாம்" என்றான். என்ன காரியம் என்று அவள் கேட்கவில்லை. அவளுக்குத் தெரியும். ராத்திரி முழுக்கப் புரண்டு புரண்டு படுத்து, பதிலையும் தயார் செய்துவிட்டாள். முறையும் சரியாகத்தான் வந்தது, தம்பிக்கு மைத்துனன்.

அதனால்தான் இன்று மண்டபத்து உடைமாற்றும் அறையில், அம்மா பூங்கனி அவளுக்குத் தலையில் பூ வைத்துக்கொண்டிருந்தபோது, அவள் அதைச் சொன்னாள்.

"அம்மா, நான் இனி மஸ்கட்டுக்குப் போவல்ல. எழுதிக் குடுத்துட்டுதான் வந்தேன்."

கண்ணாடியில் அம்மாவின் கை ஒரு கணம் நின்றது. பிறகு ஹேர்பின்னைச் செருகியது.

"நேரா நில்லு மக்களே. பூ கோணலா இருக்கு."

"சத்தியராஜ் அண்ணாச்சி பேசுகாவ. நல்ல மாதிரி. உங்ககிட்ட வந்து கேப்பாவன்னு நெனைக்கேன்."

"கல் கடைக்காரனா" என்றாள் பூங்கனி. அது கேள்வியும் இல்லை, பதிலும் இல்லை. மிச்சப் பூவை இலையில் சுருட்டிக்கொண்டே, "மேல்மாடி கெட்டணும்னு கம்பி நீட்டி விட்டிருக்கு. மழை பெஞ்சா துருப்பிடிக்கும்" என்று தனக்குத்தானே சொல்வதுபோலச் சொல்லிவிட்டு வெளியே போனாள். அப்பா செத்த வருடம் ரெஜிலா விமானம் ஏறினாள். அதற்குப் பிறகு அந்த வீட்டில் அடுப்பு எரிந்தது, தம்பி படித்தது, ஓடு கான்கிரீட் ஆனது எல்லாம் அவளால்தான். அம்மா பயப்படுவாள் என்று ரெஜிலாவுக்குத் தெரியும். பயம் இரண்டு நாளில் தெளிந்துவிடும் என்றும் நினைத்தாள். பதினோரு வருடமாக வருடத்துக்கு ஒரு மாதம் மட்டும் பார்த்த அம்மாவை அவளுக்கு அவ்வளவுதான் தெரிந்திருந்தது.

சபைப் போதகர் ஜெபமும் முடித்து, பிரியாணியும் முடித்து, கார் ஏறும்வரை ஸ்பீக்கர்களை வெள்ளைத் துணியால் மூடி வைப்பது எங்கள் பக்கத்து மரியாதை. துணிக்குக் கீழே என்ன இருக்கிறது என்று போதகருக்குத் தெரியும். அவருக்குத் தெரியும் என்பது சபைக்கும் தெரியும். கார் கேட்டைத் தாண்டியதும் துணி பறந்தது. விளக்குகள் பச்சையும் சிவப்புமாகச் சுழன்றன. வினோஜ் பெண்ணையும் மாப்பிள்ளையையும் விளித்தான், அதோடு நிறுத்திக்கொண்டான். நல்ல பிள்ளை.

முதல் பாட்டில் ஜிபினின் கூட்டாளிகள் மட்டும் குதித்தார்கள். மற்றவர்கள், வினோஜ் சொன்னதுபோலவே, கையைக் கட்டிக்கொண்டு சுற்றி நின்றார்கள். இரண்டாவது பாட்டில் ரெஜிலா தானாகவே நடுவில் போனாள். யாரும் தள்ளவில்லை. கால் தாளத்தைப் பிடித்துக்கொண்டது. தயங்கித் தயங்கிச் சத்தியராஜும் வந்தான். அவனுக்கு ஆட்டம் சுத்தமாக வரவில்லை. கல்லைப் புரட்டுகிறவன்போல இரண்டு கையையும் முன்னால் நீட்டி நீட்டி இழுத்தான். அவள் சிரித்தாள், அவனும் சிரித்தான்.

பாட்டு நின்றது.

"உங்களுக்கு நல்லா ஆட வருகு" என்றான், மூச்சு வாங்க.

"உங்களுக்கு வரல்ல."

அடுத்த பாட்டு எல்லாவற்றையும் அடித்துக்கொண்டு போனது. அது முடிந்ததும் அவள் கேட்டாள்: "இப்பம் யாரு அம்மியும் ஆட்டுக்கல்லும் வாங்குதாவ?"

"வாங்குதாவ. அரைக்கதுக்கில்ல, ஹாலுல அலங்காரத்துக்கு வைக்கதுக்கு. மேல பூச்சட்டி வைப்பாவ."

"எனக்கு அரைக்கணும்" என்றாள். சொன்ன பிறகுதான் என்ன சொல்லிவிட்டோம் என்று அவளுக்கு உறைத்தது. அவன் முகம் அந்தப் பச்சை வெளிச்சத்திலும் சிவந்தது. பாட்டு வந்து இருவரையும் காப்பாற்றியது. அந்தப் பாட்டு முழுக்க அவர்கள் ஒருவரையொருவர் பார்க்காமல் ஆடினார்கள். வாழ்க்கையில் இவ்வளவு சந்தோஷமாக இருந்ததில்லை என்று ரெஜிலா நினைத்தாள். அதை நினைக்கும்போதே கூட்டத்தின் தலைகளுக்கு அப்பால் அம்மாவின் வாடாமல்லி நிறச் சேலை டிஜே மேஜையின் பக்கம் தெரிந்தது. அம்மா குனிந்து வினோஜின் காதில் ஏதோ சொல்லிக்கொண்டிருந்தாள். சத்தத்தைக் குறைக்கச் சொல்கிறாள் போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டாள்.

பாட்டு நின்றது. சத்தியராஜ் கர்ச்சீப்பை எடுத்து நெற்றியைத் துடைத்து, அதை மடித்து, மறுபடியும் விரித்தான்.

"ரெஜிலா, நான் கேக்கணும்னு சொன்னேன்லா..."

"எல்லாரும் ஒரு நிமிஷம் அப்படியே நில்லுங்க!"

வினோஜ்தான். மைக் கைக்கு வந்துவிட்டால் எங்கள் பக்கத்துப் பிள்ளைகளுக்கு டிவித் தமிழ் வந்துவிடும்.

"இந்த ஃபங்ஷனோட ஹீரோ மாப்பிள்ளை இல்லை. ஹீரோயின் பொண்ணும் இல்லை. இதோ நடுவுல நிக்கிறாங்களே, நம்ம ரெஜிலா அக்கா! அப்பா போன பிறகு இந்தக் குடும்பத்துக்கு அப்பா இவங்கதான். தனக்குன்னு ஒரு வாழ்க்கையே வேண்டாம்னு சொல்லி, தம்பியப் படிக்க வச்சு, வீடு கட்டி, இந்தக் கல்யாணத்தையும் நடத்தியிருக்காங்க. ஜிபின் அண்ணனுக்கு இவங்க அக்கா இல்லை, அம்மா! அடுத்த வாரம் திரும்பவும் மஸ்கட் போறாங்க. எதுக்கு? தம்பி பிள்ளைகளுக்கு மாடி கட்டணும்ல! இப்படி ஒரு தெய்வம் யாருக்குக் கிடைக்கும்? ஒரு பெரிய கைதட்டு!"

வாழ்க்கை வேண்டாம் என்று ரெஜிலா யாரிடமும் சொன்னதில்லை. வேண்டுமா என்று யாரும் அவளிடம் கேட்டதுமில்லை. ஒளிவட்டம் அவள்மேல் வந்து விழுந்தது. சுற்றி நின்றவர்கள் தாமாகவே பின்னால் நகர்ந்து வட்டம் விட்டார்கள். சத்தியராஜும் நகர்ந்தான். மற்றவர்கள் தட்டுவதைப் பார்த்து அவனும் கை தட்டினான்.

ஜிபின் மேடையிலிருந்து இறங்கி ஓடிவந்து அவளைக் கட்டிப்பிடித்து விம்மினான். "அக்கா, நீ இல்லன்னா நான் இல்லக்கா" என்றான். அவன் அழுகையில் பொய்யே இல்லை, அதுதான் கொடுமை. பொய்யாக இருந்திருந்தால் அவனைத் தள்ளிவிட்டிருக்கலாம். தோளில் கனக்கும் அவன் தலைக்கு மேலாக அவள் சத்தியராஜைத் தேடினாள். அவன் அங்கேதான் நின்றான், கர்ச்சீப்பைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டிருந்தான்.

"அடுத்த வாரமே போறியளா?" என்றான்.

"இல்ல, அது வந்து..."

வினோஜ் தாயின் பெருமை பேசும் ஒரு பழைய பாட்டைப் போட்டான். ஸ்பீக்கர்கள் அவள் வாயிலிருந்து வந்ததையெல்லாம் விழுங்கின. கூட்டம் போன் விளக்குகளைத் தூக்கிப் பிடித்து அசைத்தது. அவள் இன்னும் சத்தமாகச் சொன்னாள், "நான் போவல்ல, போவல்ல" என்று. அவனுக்குக் கேட்கவில்லை. மரியாதையாகத் தலையை ஆட்டினான், இரண்டு கைகளையும் சேர்த்துக் கும்பிட்டான். கோயில் வாசலில் கும்பிடுகிற கும்பிடு. திரும்பி, பெண்வீட்டுப் பெரியவர்கள் இருந்த நாற்காலிகளின் பக்கம் நடந்தான். பின்னால் ஓடலாம். ஒளிவட்டத்துக்கு நடுவில் தம்பியைத் தோளில் சாய்த்துக்கொண்டு, ஊரே பார்க்க, தெய்வம் எப்படி ஓடும்?

ஜிபினை அஞ்சுவின் கையில் ஒப்படைத்துவிட்டு ரெஜிலா நேராக டிஜே மேஜைக்குப் போனாள். வயர்களை மிதித்துக்கொண்டே போனாள்.

"பேசாதேன்னு சொன்னேன்லா."

வினோஜின் முகம் பூரித்திருந்தது. "அம்மைதான் சொன்னாவக்கா. அக்காவுக்கு சர்ப்ரைஸா இருக்கட்டும் மக்கான்னு. ஒரு வார்த்தை விடாம அவிய சொன்னதாக்கும். கூட்டம் முழுக்க அழுகத பாத்தியளா? வெறும் பாட்டு போட்டா இது நடக்குமா?"

நடக்காது. அவன் சொன்னது சரிதான். பாட்டால் இது முடியாது.

"மைக்கைத் தா."

"நன்றி சொல்லப் போறியளா? சூப்பர்க்கா" என்று அவன் மைக்கை நீட்டினான். பாட்டை நிறுத்தினான்.

மண்டபம் அடங்கியது. கீழே பந்தியில் இலை எடுக்கும் சத்தம் வரைக்கும் கேட்டது. பெண்வீட்டுப் பக்கத்து நாற்காலிகளில் சத்தியராஜ் தலையை நிமிர்த்தினான். சொல்வதற்கு அவளிடம் நீளமாக எதுவும் இல்லை, இரண்டு வார்த்தைதான். ரெஜிலா மைக்கை வாய்க்கு அருகே கொண்டுவந்தாள்.

"நான்..."

முன்வரிசையில் பூங்கனி எழுந்து நின்று கைதட்டத் தொடங்கினாள். பக்கத்தில் இருந்த பெரியம்மா எழுந்தாள். பிறகு வரிசை வரிசையாக எல்லோரும் எழுந்தார்கள். ஜிபினின் கூட்டாளிகள் விசில் அடித்தார்கள். ரெஜிலா காத்து நின்றாள். எப்படியும் ஒரு கட்டத்தில் கை வலிக்கும், நிறுத்துவார்கள். அம்மா அவள் முகத்தைப் பார்க்கவில்லை, அவள் கையிலிருந்த மைக்கையே பார்த்துக்கொண்டிருந்தாள். பின்வரிசைகளில் சத்தம் மெல்ல ஓய ஆரம்பித்தபோது, பூங்கனி இரண்டு கைகளையும் தலைக்குமேல் தூக்கித் தட்டினாள்.