முதல் சார்ஜ்

குளிர்பெட்டியின் ஒரு முனையை அவனும் மறுமுனையை அக்கா புருஷனும் பிடித்து அப்பாவைச் சுவரோரம் தள்ளிக்கொண்டிருந்தபோது, வாசலில் மினி லாரி வந்து நின்றது. இறங்கியவர் மின்சார பைக் கடைக்காரர். பனியன் முதுகில் ‘எதிர்காலம் உங்கள் வாசலில்’ என்று அச்சடித்திருந்தது. பின்னாலேயே எதிர்காலமும் சிவப்பு ரிப்பன் கட்டிக்கொண்டு இறங்கியது: குழந்தைகள் ஓட்டும் சின்ன பைக்.

“பெரியவர் போன வாரமே முழுசா கட்டிட்டாரு சார். இன்னைக்கு டெலிவரி.”

“சாவு வீடுய்யா இது.”

“தெரியும் சார். அதான் ஹாரன் அடிக்கல.”

“எடுத்துட்டுப் போ.”

“‘என் பையன் திருப்பி அனுப்பப் பார்ப்பான், எறக்காம போயிடாதீங்க’ன்னு சத்தியம் வாங்கியிருக்காரு சார்.”

செத்தும் தன்னை நம்பாத மனிதரை அவன் பெட்டியின் கண்ணாடி வழியாகப் பார்த்தான். சின்ன வயதில் அவன் சைக்கிள் கேட்டுச் சாப்பிடாமல் கிடந்தபோது, “கால் இருக்குல்ல, நடடா” என்று பேப்பரைப் புரட்டியவர். பேத்தி வாயைத் திறப்பதற்குள் மோட்டாரே வாங்கிவிட்டார். வேண்டாமென்று அவன் கத்தியதற்கு, “உன்னையா கேட்டேன்?” என்றார். இருவருக்கும் நடந்த கடைசிப் பேச்சு அது.

கடைக்காரர் போனை எடுத்தார். “பாப்பா, வண்டி பக்கத்துல நில்லு. நம்ம கடையில எல்லா டெலிவரிக்கும் போட்டோ உண்டு. இன்னைக்கு மட்டும் சிரிக்க வேண்டாம்.”

மகள் சிரிக்காமல் நின்றாள். படத்தில் தாத்தாவின் கால் விழுந்துவிட்டதால், தொழில் தர்மம் கருதி இன்னொன்று எடுத்தார். கிளம்பும்போது அக்கா புருஷனிடம், “முதல் சார்ஜ் முக்கியம் சார், இன்னைக்கே போட்டுடுங்க. விட்டா பேட்டரி படுத்துடும்” என்றார்.

கடைசியாக யார் சொல்கிறார்களோ அதை அப்படியே செய்வது அக்கா புருஷனின் குணம். குடும்பத்தில் அதற்குப் பணிவு என்று பெயர்.

கொஞ்ச நேரத்தில் அத்தை அலறினாள்: “ஐயோ, என் தம்பி அழறானே! கண்ணாடியெல்லாம் தண்ணி பாருங்க!”

கூட்டம் எழுந்து நெருங்கியது. எதிர்வீட்டுக்காரர், “புண்ணியாத்மா” என்றார். உயிரோடிருந்தவரை இதே வாயால் ‘கஞ்சப் பிசினாறி’ என்றவர். சிலர் கைகூப்பினார்கள். அவனுக்கு மட்டும் ஏதோ ஒரு சத்தம் குறைவது போலிருந்தது. பெட்டியின் உறுமல் இல்லை. வயரைத் தொடர்ந்து போனான். அந்த அறைக்கு இருந்த ஒரே பிளக்கில் பைக் சார்ஜர் சிவப்பு விளக்கோடு உட்கார்ந்திருந்தது.

“அத்தான்!”

“இன்னைக்கே போடணும்னாரே மாப்ள. மாமாவுக்கு இனிமே என்ன ஆயிடப் போவுதுன்னு...”

சார்ஜரைப் பிடுங்கி எறிந்துவிட்டுப் பெட்டியைச் சொருகினான். உறுமல் திரும்பியது. கண்ணாடி மெல்லத் தெளிந்தது.

“பாத்தியா, சமாதானமாயிட்டான்” என்று அத்தை மூக்கைச் சிந்தினாள்.

“அப்போ பேட்டரி செத்துடுமாப்பா?” என்றாள் மகள்.

“நாளைக்குக் காலையில அது கடைக்கே போயிடும்” என்றான், பெட்டிக்குள் கேட்க வேண்டியவருக்குக் கேட்கும்படி.

சாயங்காலம் எல்லாம் முடித்துவிட்டு வந்தபோது, பெட்டியை வாடகைக்கு விட்டவர்கள் தூக்கிப் போயிருந்தார்கள். தரையில் அதன் அளவுக்கு ஈரம். பிளக் காலியாக இருந்தது. மகள் பைக்கின் அருகில் நின்றாள். ரிப்பனை அவிழ்க்கவில்லை.

“அப்பா, உனக்கு சைக்கிள்கூட ஓட்டத் தெரியாதாமே? தாத்தா சொன்னாரு.”

“எப்ப சொன்னாரு?”

“கடையில. கடைக்காரர்கிட்ட.”

“ஊரெல்லாம் சொல்லிட்டுதான் போயிருக்காரு. வேற என்ன சொன்னாரு?”

“வேற ஒண்ணும் சொல்லல. இந்த வண்டி உன் எடையத் தாங்குமான்னு கேட்டாரு.”

அவன் சட்டையின் கைமடிப்பை இறக்கிவிட்டான். மறுபடி ஏற்றிவிட்டான்.

“அதுக்கு அந்தாளு என்ன சொன்னான்?”

“தாங்கும்னாரு.”

“புளுகுணிப் பய” என்றான்.

மூலையில் கிடந்த சார்ஜரை எடுத்து, வயரைத் துடைத்து, பிளக்கில் சொருகினான். சிவப்பு விளக்கு எரிந்தது. மகளை அவள் அம்மாவிடம் அனுப்பிவிட்டு, யாரும் பார்க்கவில்லை என்று உறுதிசெய்துகொண்டு, ஸ்டாண்டு போட்டிருந்த வண்டியில் மெதுவாக ஏறி உட்கார்ந்தான். இரண்டு காலும் தரையில் ஊன்றியிருந்தன.