தாருப் பலகையில் பிள்ளையார் சுழி

சொந்த எழுத்து இல்லாத மொழி, கோவணம் இல்லாத ஆள் என்று தங்கராசா வெகுநாளாகச் சொல்லி வந்தான். ஸ்டுட்கார்ட்டுக்குக் கிட்ட ஒரு சின்னப் பட்டணத்தில், பழைய பள்ளிக்கூடத்தை அறை அறையாக மறித்துச் செய்த அகதி முகாமில் அவனுக்கு வேலை இல்லை, வெளியூர் போக அனுமதி இல்லை. வாய்க்கு மட்டும் யாரும் தடை போடவில்லை. யாழ்ப்பாணத்தில் கடைப்பெயர்ப் பலகை எழுதிப் பிழைத்தவன். தமிழின் இருநூற்று நாற்பத்தேழு எழுத்தையும் தன் பாட்டனார் உயில் எழுதி வைத்த சொத்து மாதிரிப் பேசுவான்.

இந்தக் கேலியை நித்தமும் வாங்கிக் கட்டிக்கொண்டவன் பக்கத்துக் கட்டில் புத்திராம். நேபாளத்தின் தெற்குச் சமவெளிக்காரன். தாரு இனம், தாரு மொழி. அதை எழுத வேண்டுமானால் நேபாளிக்கும் ஹிந்திக்கும் உள்ள அதே தேவநாகரி எழுத்துத்தான். இருவருக்கும் பொதுவாக இருந்தது அரைகுறை ஜெர்மன். யார் ஜெர்மன் பேசினாலும் தங்கராசாவின் காது அதை யாழ்ப்பாணத் தமிழாக மாற்றித்தான் உள்ளே விடும்.

1986 கோடையில் முகாமில் ஒரு விழா வைத்தார்கள். ஊர்ச்சனம் வந்து அகதிகளைப் பார்த்துக் கேக் சாப்பிட்டுப் போவதற்கு. முற்றத்தில் கம்பங்கள் நட்டு, முகாமில் உள்ளவர்களின் எழுத்துமுறை ஒவ்வொன்றுக்கும் ஒரு வரவேற்புப் பலகை. எழுதும் வேலை தங்கராசாவுக்கு. புத்திராமும் தனக்கொரு பலகை கேட்டான்.

"இந்த எழுத்து நேபாளிப் பலகையில இருக்குத்தானே. அதிலையே ஒரு வரி போடுங்கோ," என்றார் முகாம் பொறுப்பாளர் கெஸ்லர் அம்மா.

முகாமில் இருந்த நேபாளி மொழிக்காரர் இருவரும் மாட்டோம் என்றார்கள். அது மொழியே இல்லையாம், காட்டுப் பேச்சாம்.

தங்கராசாவுக்கு மூக்குக்கு மேல் கோபம் வந்தது. புத்திராமை நக்கலடிக்கும் உரிமை தனக்கு மட்டுந்தான் என்று இருந்தவன் அவன். அன்றைக்குத்தான் புத்திராம் வாய் திறந்தான். ஊரில், எங்கள் பிள்ளைகளுக்கு எங்கள் பேச்சில் பாடம் சொல்லுங்கள் என்று தாருவில் எழுதிச் சந்தைச் சுவரில் ஒட்டியிருக்கிறான். பொலிஸ் வீடு தேடி வந்துவிட்டது. ஓடியவன் இங்கே வந்துதான் நின்றான்.

"ஒருக்கா என்ரை பேச்சை வெளியில, வெளிச்சத்தில எழுதி வைச்சுப் பாக்க வேணும். அவ்வளவுதான்," என்றான்.

கோவணக் கதையை எத்தனை தரம் சொல்லியிருப்போம் என்று நினைக்கத் தங்கராசாவுக்கு வெட்கமாகிவிட்டது. ஒரு பழைய மேசைப் பலகையைத் தேய்த்து வெள்ளை அடித்தான். புத்திராம் 'வாங்கோ, இருங்கோ' என்பதைத் தாருவில் காகிதத்தில் எழுதிக் கொடுக்க, தங்கராசா அதைப் பார்த்துப் படம் வரைவது போல வரைந்தான். ஆனால் தூரிகை எடுத்தவுடன், சாராயக் கடைப் பலகையானாலும் சரி, அவன் கை முதலில் உச்சியில் பிள்ளையார் சுழியைப் போட்டுவிட்டுத்தான் மறுவேலை பார்க்கும். இதற்கும் போட்டுவிட்டது. சிவப்பில், நல்ல கொழுத்த சுழி.

கெஸ்லர் அம்மா பலகையைப் பார்த்தார். நேபாளிப் பலகையைப் பார்த்தார்.

"மேலை இருக்கிற இது அதில இல்லையே? தாருவுக்கெண்டு தனி எழுத்தோ?"

"ஓம்," என்றான் தங்கராசா. நாக்கு கூசவில்லை. "முதல் எழுத்து. மிச்சமெல்லாம் அழிஞ்சு போச்சு."

பலகைக்குக் கம்பம் கிடைத்தது. கெஸ்லர் அம்மா அதோடு விட்டாரா? விழாவன்று உள்ளூர்ப் பத்திரிகைக்காரர் ஒருவரைக் கையோடு கூட்டி வந்து, அழிந்துபோன ஓர் எழுத்துமுறையின் கடைசி எழுத்து இதுதான் என்று காட்டினார். அந்த மனுசன் சுழியைப் பல பக்கமிருந்து படம் எடுத்தார். தங்கராசாவுக்கு வியர்த்தது. ஆனாலும் துணிவு போகவில்லை. கேட்டால் இன்னும் பத்து எழுத்து அவிழ்த்துவிடத் தயாராகத்தான் நின்றான்.

பத்திரிகைக்காரர் அவனை விட்டுவிட்டுப் புத்திராமிடம் கேட்டார். "இது உங்கடை எழுத்தோ?"

தலையாட்டு, தலையாட்டு என்று தங்கராசா கண்ணைக் காட்டினான். இல்லை என்றால் பலகை இறங்கிவிடும் என்று புத்திராமுக்கும் தெரியும்.

"இல்லை. அது இவரின்ரை சாமி," என்றான். "எழுத்து எங்களுக்குச் சொந்தமில்லை. சொல்லு மட்டும் சொந்தம். எனக்குப் பொய் எழுத்து வேண்டாம்."

கெஸ்லர் அம்மாவின் முகம் வெளிறிப்போனது. பத்திரிகைக்காரர் கமெராவை உறையில் போட்டுக்கொண்டு கேக் இருந்த பக்கம் போனார். கொஞ்ச நேரத்தில் பலகையைக் கழற்றிச் சுவரோடு சாத்திவிட்டார்கள்.

புத்திராம் கோபிக்கவில்லை. அதுதான் தங்கராசாவைக் குடைந்தது. தன் பொய்யால் வந்தது தன் பொய்யாலேயே போய்விட்டதே என்று நெஞ்சு காந்தியது. விறுவிறென்று போய்த் தமிழ்ப் பலகையைக் கழற்றிக்கொண்டு வந்து புல்லில் கிடத்தினான். அதன் கீழ்ப்பாதி வெறுமையாகக் கிடந்தது. யாழ்ப்பாணத்து முத்திரைச்சந்தியில் இருந்து அகதியாய் வந்த அந்தோனிப்பிள்ளை ஓடி வந்தார்.

"டேய், உனக்கென்ன விசரே? எங்கடை பலகையில ஆரின்ரையோ பாசையை எழுதப் போறியோ?"

"ஓம் அண்ணை. கிடக்கிற இடத்தைக் குடுக்கிறன். உங்களுக்கென்ன முட்டுது?"

"அப்ப பக்கத்தில ஒரு சிலுவையையும் போடு," என்று சொல்லிவிட்டு அந்தோனிப்பிள்ளை முறுக்கிக்கொண்டு போனார்.

தங்கராசா தூரிகையைப் புத்திராமிடம் நீட்டினான். "நீயே எழுது."

புத்திராம் தூரிகையை வாங்கினான். பழக்கத்தில் ஒருமுறை பின்னால் திரும்பிப் பார்த்தான். கேக்குக்கு வரிசையில் நின்ற கிழவிகளைத் தவிர அங்கே ஒருவரும் இல்லை. தமிழ் வரிக்குக் கீழே, வெறுமையின் உச்சியில், முதலில் கோணல்மாணலாக ஒரு சுழி போட்டான்.

"உது உன்ரை எழுத்தில்லையெண்டு இப்பதானே சொன்னனி!"

"அண்டைக்குச் சந்தைச் சுவரில நான் இதைப் போடேல்லை," என்றான் புத்திராம், தலையை நிமிர்த்தாமல். "அதாலைதான் பொலிஸ் வந்ததோ தெரியேல்லை."

தங்கராசா சிரிக்கப் பார்த்தான். முடியவில்லை. கண்ணைத் துடைத்துக்கொண்டு, பெயின்ற் வாளியைத் தூக்கிப் பிடித்தபடி பக்கத்தில் குந்தினான்.