சுமித்ராவின் பாலில் தேடிய சர்க்கரை

1

இந்தக் கதை எனக்குத் திட்டு வடிவில் வந்தது. ஆய்வகத்தில் வேலை பார்க்கும் என் தோழி சங்கீதா, தன் பேராசிரியரைப் போனில் திட்டித் தீர்த்தாள். கோபத்தில் எழுதினால் கதை கெட்டுப்போகும் என்பார்கள். கெடட்டும்.

2

முதல் தொடக்கம்: 'கொல்லிமலையில் பனி இறங்கிய ஒரு காலை' – சே, அடித்துவிட்டேன். பனி என்ன பாவம் செய்தது?

இன்னொன்று: பேராசிரியர் முருகானந்தத்தின் குழு அடிவாரத்துக் காரவள்ளி வழியாக ஜீப்பில் கொல்லிமலை ஏறியது. தாயின் உடம்பு சர்க்கரையை எப்படிப் பாலில் சேர்க்கிறது என்பது ஆய்வு. அடையாளமிட்ட சர்க்கரைத் தண்ணீரைக்* குடிக்கக் கொடுத்து, பிறகு தாய்ப்பாலைக் கொஞ்சம் வாங்கிப் போய்க் காந்தக் கருவிக்குள் வைப்பார்கள்.

(* அதில் இருப்பது சற்றே எடை கூடிய கார்பன். ஆபத்தில்லாதது. சாதாரணக் கார்பன் அந்தக் கருவிக்குத் தெரியாது, இது தெரியும். செல்லுக்குள் போன சர்க்கரை என்னவாக மாறியது என்று பின்தொடரலாம். அருமையான அறிவியல். என் கோபம் அதன்மேல் இல்லை.)

3

மலையூர்த் தாய்மார்களில் ஒருத்தியான சுமித்ராவிடம் டம்ளரைக் கொடுத்துவிட்டு அடுத்த வீட்டுக்குப் போய்விட்டார்கள். இடுப்பில் கைக்குழந்தை. எதிரே மூத்த மகள், டம்ளரையே பார்த்தபடி. பிள்ளை பார்த்திருக்கத் தாய் மட்டும் இனிப்பைக் குடித்தால் பிள்ளை ஏங்கிப்போகும், காய்ச்சல் வரும். அந்த ஊரில் யாரும் அதைச் செய்ய மாட்டார்கள். ஒரு மடக்கு குடித்துவிட்டு மிச்சத்தை மகளுக்குக் கொடுத்தாள்.

பிறகு வாங்கிப் போன அவள் பாலில் அடையாளம் தென்படவே இல்லை. பேராசிரியர் போன் செய்தார்: "உன் பால்ல சத்து இல்லம்மா. பவுடர் பால் கொடு." கொடுத்தாள். குழந்தைக்கு வயிற்றுப்போக்கு பிடித்தது, நிற்கவில்லை.

4

அடையாளம் துளிகூட இல்லாததில் சந்தேகப்பட்டு மலையேறிய சங்கீதாதான், தண்ணீரை முழுக்கக் குடித்தாளா என்று விசாரித்தாள்.

"ஏனுங்க, புள்ள பாத்துக்கிட்டு நிக்கையில நா மட்டும் எப்படிங்க குடிக்கறது?"

"உங்க பால்ல ஒரு குறையும் இல்லீங்க. தாராளமாக் குடுங்க."

"அந்தப் பெரிய டாக்டரு வேண்டாம்னாருங்க. அவரு வாயால சொல்லட்டும், குடுக்கறேன்."

சங்கீதா திரும்பி வந்து பேராசிரியரிடம் சொன்னாள். "கட்டுரை அனுப்பியாச்சு. இப்பப் போய்த் தப்புன்னா மொத்த ஆய்வையும் சந்தேகப்படுவாங்க" என்றார்.

5

இவரை நல்லவராக்க முயன்றேன். 'அன்றிரவு அவருக்குத் தூக்கம்...' நன்றாகவே வந்திருக்கும். அடித்துவிட்டேன்.

முடிவு ஒன்று: தானே மலையேறி மன்னிப்புக் கேட்கிறார். எனக்கே நம்பிக்கை வரவில்லை.

முடிவு இரண்டு: குழந்தை... இல்லை. அந்த வரியை என் கை எழுதாது.

6

எழுத்தாளன் என்ற உரிமையில், அவரைத் தரதரவென்று இழுத்து வந்து சுமித்ராவின் வாசலில் நிறுத்தியிருக்கிறேன். குழந்தை அழுகிறது. குடிக்க ஆளில்லாமல் அவளுக்குப் பால் வற்றிக்கொண்டு வருகிறது.

"குடுக்கலாங்களா சார்?"

அவர் கைக்கடிகாரத்தைப் பார்க்கிறார். என்னால் இழுத்துவரத்தான் முடிந்தது, பேசவைக்க முடியவில்லை. நீங்கள் பக்கத்தில்தானே நிற்கிறீர்கள்? இவ்வளவும் படித்தீர்கள். அவர் சட்டையைப் பிடித்து உலுக்குங்கள். குழந்தைக்குப் பசிக்கிறது.