பன்னிரண்டு பொட்டு வைத்த புத்தகம்

போன வருடம் நான் தாவரவியல் மூன்றாம் ஆண்டு படித்துக்கொண்டிருந்தேன். எங்கள் ஆய்வகத்தில் உருப்படியான மைக்ராஸ்கோப் ஒன்றே ஒன்றுதான். நாங்களோ முப்பத்தெட்டுப் பேர். வரிசையில் நின்று, முறை வந்து, குனிந்து, கண்ணுக்குத் தெளிவாகும்படி திருகுவதற்குள் பின்னால் நிற்பவள் இடுப்பில் குத்துவாள். "போதும்டி, தள்ளு." மூன்று வருடத்தில் நான் எதையும் முழுதாகப் பார்த்ததில்லை. பாதி செல் பார்த்திருக்கிறேன். மீதிப் பாதியைப் பக்கத்தில் இருப்பவள் நோட்டைப் பார்த்து வரைந்திருக்கிறேன். படத்துக்குப் பத்துக்கு ஒன்பது போட்டார்கள் என்பது வேறு விஷயம்.

அதனால்தான் அறிவிப்புப் பலகையில் அந்தத் தாளைப் பார்த்ததும் எனக்குப் பைத்தியம் பிடித்துவிட்டது. சென்னையில் ஒரு ஆராய்ச்சி நிறுவனம், கோடை விடுமுறையில் ஆறு வாரப் பயிற்சி. மாவட்டத்துக்கு ஒரே ஒரு மாணவி. ஆளுக்கொரு மைக்ராஸ்கோப். ஆளுக்கொன்று! பின்னால் யாரும் நிற்கமாட்டார்கள். இறுதியாண்டு மாணவிகளுக்கு மட்டும் என்று போட்டிருந்தது, ஆக எனக்கு இது ஒரே வாய்ப்பு. விட்டால் அவ்வளவுதான்.

சும்மா கொடுப்பார்களா? இந்தியப் பெண் விஞ்ஞானி ஒருவரைப் பற்றி ஆறு பக்கம் கட்டுரை எழுத வேண்டும். எல்லோரும் எழுதும் பெயர்கள் வேண்டாம். இணையத்தில் சுட்டது வேண்டாம். சொந்தக் கல்லூரி நூலகத்துப் புத்தகத்திலிருந்து எழுதி, பக்க எண் குறித்து, அட்டையைப் படம் பிடித்து, நூலக முத்திரையோடு அனுப்ப வேண்டும். கடைசி நாள் அக்டோபரில் ஒரு வியாழன், மாலை ஐந்து மணி. அந்த வியாழன் விஜயதசமி. அறிவிப்பு எழுதியவர் வீட்டில் காலண்டர் இல்லை போலிருக்கிறது.

நூலகக் கணினியில் 'பெண் விஞ்ஞானிகள்' என்று தட்டினேன். மூன்று வந்தது. இரண்டு சின்னப் பிள்ளைகளுக்கானவை, பக்கத்துக்கு நாலு வரி. மூன்றாவதுதான் நான் தேடியது. நம் நாட்டுப் பெண் விஞ்ஞானிகள் அறுபது பேர், நானூறு பக்கம், ஒரே பிரதி. பக்கத்தில் 'உள்ளது' என்று பச்சை எழுத்து. அலமாரிக்கு ஓடினேன். புத்தகம் இருக்க வேண்டிய இடத்தில் ஒரு சந்துதான் இருந்தது.

எங்கள் கல்லூரியில் இதற்கு ஒரே அர்த்தம்தான். எவளோ ஒளித்து வைத்திருக்கிறாள். பரீட்சை நேரத்தில் தேவையான புத்தகத்தை எடுத்து, யாரும் எட்டிப் பார்க்காத அலமாரியில் செருகிவிடுவது இங்கே எல்லோரும் செய்வது. நானும் செய்வேன். என்னுடையது வணிகவியல் பிரிவு, கீழ்த்தட்டு, இடது மூலை. அதனால் ஒரு வாரம் எல்லாக் கீழ்த்தட்டையும் துழாவினேன். தும்மலும் இரண்டு பூரானும்தான் கிடைத்தன.

"மதிவதனியாத்தான் இருக்கும்" என்றேன் ரூக்ஸாரிடம். ரூக்ஸார் என் வகுப்புத் தோழி. வீடு டவுனிலேயே. நான் கோபப்படும் வேகத்துக்கு ஈடாக நிதானமாக யோசிப்பதற்கென்றே எனக்கு வாய்த்தவள். மதிவதனி வகுப்பில் முதல் மதிப்பெண்.

"கேட்டுட்டு அப்புறம் சண்டை போடு" என்றாள் ரூக்ஸார்.

நான் சண்டை போட்டுவிட்டுத்தான் கேட்டேன். மதிவதனி டிபன் டப்பாவை மூடிவிட்டு நிமிர்ந்து பார்த்தாள். "நான் எழுதவே இல்ல ஓவியா. ஆறு வாரம் சென்னைக்கா, எங்க வீட்லயா? நீ வேற" என்றாள். சிரித்துக்கொண்டேதான் சொன்னாள். எனக்கு வெட்கமாகப் போய்விட்டது. என் அப்பா கீழ்பென்னாத்தூரில் கடலைக்குத் தண்ணீர் பாய்ச்சிக்கொண்டே, "கெடச்சா போயிட்டு வா, அதுக்கு இன்னா" என்று ஒரே வார்த்தையில் முடித்துவிட்டவர். அது எவ்வளவு பெரிய வார்த்தை என்று அன்றைக்குத்தான் உறைத்தது.

செவ்வாய்க்கிழமை நூலகத்தில் பூஜை. மறுநாளிலிருந்து விடுமுறை, இனி திங்கள்கிழமைதான் திறப்பார்கள். நான் பொரிக்காகப் போகவில்லை. கடைசியாக ஒருமுறை தேடலாம் என்று ரூக்ஸாரையும் இழுத்துக்கொண்டு போனேன். உள்ளே சாம்பிராணிப் புகை. சரஸ்வதி படத்துக்கு முன்னால் மேசையில் பட்டுத்துணி விரித்து, கனத்த புத்தகங்களாகப் பார்த்து அடுக்கியிருந்தார்கள். பக்கத்தில் முத்திரை, ஸ்டேப்ளர், கணினியின் மவுஸ் எல்லாவற்றுக்கும் பொட்டு. அடுக்கின் உச்சியில், செவ்வந்திப் பூவைச் சுமந்துகொண்டு, மைக்ராஸ்கோப்பில் குனிந்திருக்கும் ஒரு பெண்ணின் படம் போட்ட அட்டை, கணினியில் பார்த்த அதே தலைப்போடு.

"அண்ணா! அது என் புத்தகம்!"

நூலக உதவியாளர் பரசுராமன் கையில் கற்பூரத் தட்டோடு திரும்பினார். "உன் புத்தகமா? காலேஜு புத்தகம்மா அது."

"ஒரு வாரமா தேடுறேன். இருக்குதுன்னு கம்ப்யூட்டர் சொல்லுது, ரேக்ல இல்ல."

"எப்படி இருக்கும்? போன வாரமே எடுத்து, தொடச்சு, பேப்பர் சுத்தி பீரோல வெச்சுட்டேன். வருஷா வருஷம் பூஜைக்கு இதான் வெக்கிறது."

"ஏன் இதையே?"

பரசுராமன் என்னைக் குழந்தையைப் பார்ப்பது போலப் பார்த்தார். "பூஜையில வெச்சா நாலஞ்சு நாளு யாருக்கும் தர முடியாது இல்ல? படிக்கிற பசங்களுக்குத் தொந்தரவு ஆவக் கூடாதுன்னு, யாருமே எடுக்காத புத்தகமாப் பார்த்துத்தான் எடுப்பேன். இத பாரு." கடைசிப் பக்கத்தை விரலால் தூக்கிக் காட்டினார். தேதி குத்தும் சீட்டு ஒட்டியிருந்தது. வெள்ளை வெளேரென்று, ஒரு முத்திரைகூட இல்லாமல். "வந்து பன்னண்டு வருஷம் ஆவுது. ஒருத்தரும் தொடல. பூஜைக்குன்னே வந்த மாதிரி இருக்குது."

அட்டையின் ஓரம் முழுக்கக் குங்குமம். புதிது ஒன்று, மங்கியது பதினொன்று.

"இப்ப நான் தொடுறேன், குடுங்க" என்று கையை நீட்டினேன்.

"ஐயோ, தொடாத! பூஜையில வெச்சாச்சு. எடுத்துப் படிச்சா படிப்பு வராது."

"படிக்காட்டியும் வராதே அண்ணா! வியாழக்கிழமை கடைசி நாளு!"

"ரெண்டு நாளு சரஸ்வதி படிக்கட்டும்மா. அப்புறம் நீ படி."

எனக்கு அழுகை வந்துவிட்டது. கோபம் ஜாஸ்தியானால் எனக்கு அழுகைதான் வரும், பார்ப்பவர்கள் நல்ல பெண் என்று நினைத்துக்கொள்வார்கள். பரசுராமனும் அப்படித்தான் நினைத்து இன்னொரு பிடி பொரி கொடுத்தார்.

ரூக்ஸார் பொரியை வாங்கி மென்றுகொண்டே கேட்டாள். "அண்ணா, பூஜையில வெச்சதை எப்ப எடுப்பீங்க?"

"விஜயதசமி காலையில. நான் வந்து தீபாராதனை காட்டி, ஒரு புத்தகத்தை எடுத்து ஒரு பக்கம் படிச்சுட்டு, மூடிட்டுப் போவேன். படிக்கணும்னு சாஸ்திரம் இல்ல?"

"அந்த ஒரு பக்கத்தை இவ படிச்சா தப்பா?"

பரசுராமன் யோசித்தார். "தப்பில்ல. எனக்கும் கண்ணாடி சரியில்ல. ஏழு மணிக்கு வந்துடுங்க."

வியாழக்கிழமை முதல் பஸ்ஸைப் பிடித்தேன். பஸ்ஸின் முகத்தில் வாழைக்கன்று கட்டியிருந்ததால் ஓட்டுநர் எட்டி எட்டிப் பார்த்து ஓட்டினார், மாடு போகும் வேகத்தில். டவுனில் கடைக்குக் கடை பூசணிக்காய் உடைத்துப் போட்டிருந்தார்கள். அதில் வழுக்காமல் கல்லூரி வாசலுக்குப் போனபோது ஏழு மணி. ரூக்ஸார் ஸ்கூட்டியோடு நின்றிருந்தாள். பரசுராமன் இல்லை.

எட்டு ஆனது. எட்டரைக்குப் போன் எடுத்தார்.

"வண்டியைப் பூஜையில வெச்சுட்டேன்மா. நல்ல நேரம் பத்தே முக்காலுக்குத்தான். அதுக்கு முன்னால எடுக்கக் கூடாதுன்னு வீட்ல சொல்லிட்டாங்க. நடக்கலாம்னா முட்டி வலி."

ஸ்பீக்கரில் கேட்டுக்கொண்டிருந்த ரூக்ஸார் போனைப் பிடுங்கினாள். "அண்ணா, உங்க வீடு வேங்கிக்கால்லதானே, எந்தத் தெரு? எங்க வண்டிக்கு நல்ல நேரம் கெட்ட நேரம் ஒண்ணும் கெடயாது. எப்ப வேணா ஸ்டார்ட் ஆவும்."

இருபதே நிமிடத்தில் ரூக்ஸாரின் துப்பட்டா பறக்க, பின்னால் பட்டை பட்டையாய் விபூதியும் சாவிக்கொத்துமாகப் பரசுராமன் வந்து இறங்கினார். அவர் முகத்தில் இருந்த பயத்தைப் பார்த்தால், வழியெல்லாம் ஏதோ மந்திரம் சொல்லிக்கொண்டுதான் வந்திருக்க வேண்டும்.

கற்பூரம் காட்டினார். பூவை எடுத்தார். புத்தகத்தை இரண்டு கையாலும் தூக்கி என்னிடம் கொடுத்தார். நான் பொருளடக்கத்தைப் பார்த்து, பாசிகள் என்று இருந்த அத்தியாயத்தைத் திறந்து, அவசரமாகக் கண்ணை ஓட்டினேன்.

"வாய்விட்டுப் படி. மனசுக்குள்ள படிச்சா சரஸ்வதிக்கு எப்படிக் கேக்கும்?"

படித்தேன். வேதா என்று ஒரு பெண். ஏரித் தண்ணீரில் மிதக்கும் பச்சைப் பாசிகளை முப்பது வருடம் ஆராய்ந்தவள். ஆரம்பத்தில் அவள் வேலை செய்த ஆய்வகத்தில் ஒரே மைக்ராஸ்கோப். ஆண்கள் சாப்பிடப் போகும் அரை மணி நேரம்தான் அவளுக்கு. சாப்பிடாமல் உட்கார்ந்து அரை மணி பார்ப்பாள். அவர்கள் வந்ததும் எழுந்து, வராந்தாவில் உட்கார்ந்து, பார்த்ததை மனதில் இருந்தே வரைவாள். மறுநாள் விட்ட இடத்திலிருந்து பார்ப்பாள். ஒரே ஒரு பாசியை முழுதாகப் பார்த்து முடிக்க அவளுக்குப் பதினேழு நாள் ஆனது.

ஒரு பக்கம் முடிந்ததும் நிமிர்ந்தேன்.

"ஏன் நிறுத்திட்ட?" என்றார் பரசுராமன். எப்போது நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார் என்று தெரியவில்லை. "பதினெட்டாவது நாளு இன்னா ஆச்சு? படி."

மொத்த அத்தியாயத்தையும் படித்தேன். முடிந்ததும் அவர் புத்தகத்தை வாங்கி முதல் பக்கத்தைப் புரட்டிப் பார்த்தார். "பன்னண்டு வருஷமா முதல் பக்கத்தையே படிச்சுட்டு மூடிட்டேன்மா. அது வெறும் முன்னுரை" என்றார். பிறகு முத்திரையின் பொட்டைத் துடைத்துவிட்டு, மேசை விளக்கைப் போட்டுவிட்டு, "எழுது, நான் எங்கயும் போவல" என்றார். மதியம் ரூக்ஸார் பிரியாணி வாங்கி வந்தாள். அவர் விஜயதசமி என்று தயிர்சாதம் கேட்டார். நான் சாப்பிடாமல் எழுதினேன். நாலு ஐம்பத்திரண்டுக்கு அனுப்பினேன்.

ஜனவரியில் சென்னையிலிருந்து ஒரு பேராசிரியை போனில் பேசினார். கட்டுரையைப் பற்றிச் சில கேள்விகள் கேட்டார். கடைசியாக, "நீங்க அனுப்பின அட்டைப் படத்துல ஓரமெல்லாம் செவப்பா இருக்கே, மை கொட்டிடுச்சா?" என்றார்.

நல்லதாக ஏதாவது சொல்லியிருக்கலாம். என் வாய் என்றைக்குக் கேட்டது? "குங்குமம் மேடம். பன்னண்டு வருஷமா கும்புட்டாங்க. யாரும் படிக்கல" என்றேன்.

போச்சு என்று நினைத்தேன். பிறகு அந்தப் பக்கம் சிரிப்புச் சத்தம் கேட்டது, ரொம்ப நேரம். "மே மாசம் வாங்க ஓவியா" என்றார்.

போனேன். முதல் நாள் ஒரு துளிக் குளத்துத் தண்ணீரை வைத்துக்கொண்டு மூன்று மணி நேரம் எழுந்திருக்கவில்லை. நடுவில் இரண்டு முறை பழக்க தோஷத்தில் நானாகவே தள்ளி நின்றேன். பின்னால் யாரும் இல்லை.

இப்போது அதே கல்லூரியில் எம்.எஸ்சி. இந்த வருடமும் பூஜைக்குப் போனேன். அடுக்கின் உச்சியில் அந்தப் புத்தகம் இல்லை.

"எங்க இருக்குது? வெளியவே சுத்திக்கினு இருக்குது" என்று பரசுராமன் அலுத்துக்கொண்டார். "சீட்டு ரொம்பிப்போயி வேற ஒட்டியிருக்கேன். அந்த மதிவதனிப் பொண்ணு மட்டும் மூணு தரம் எடுத்துச்சு. இப்பவும் அதுகிட்டதான் கீது. பூஜைக்கு வேற புத்தகம் தேடறதுக்குள்ள போதும் போதும்னு ஆயிடுச்சு."

அவர் இந்த வருடம் தேடிப் பிடித்திருந்த புத்தகத்தைப் பார்த்தேன். கனமாக இருந்தது. நட்சத்திரங்களைப் பற்றியது. குனிந்து, பூ விழாமல், கடைசிப் பக்கத்தை ஒரு விரலால் தூக்கினேன். சீட்டு வெள்ளை வெளேரென்று இருந்தது.

"விஜயதசமிக்குக் காலையில ஏழு மணிக்கு வரேன் அண்ணா" என்றேன். "வண்டியை மட்டும் பூஜையில வெக்காதீங்க."